தொடர்பு உண்டு, எழுத்து இல்லை

மீன் சீவும் கத்தியின் முனையைக் கீபோர்டின் அடிமூடிக்குள் விட்டு நெம்பிக்கொண்டிருந்தார் வால்டி. மூடி தெறித்து அடுப்படி வரை போனது. உள்ளே இருந்த இரண்டு பென்சில் பேட்டரிகளையும் கழற்றினார், புதியவற்றைப் போட்டார், மூடியை எடுத்து வரச்சொல்லி என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். எடுத்துக் கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப் திரையின் ஓரத்தில் ‘இணைக்கப்பட்டது’ என்று வந்தது. இரண்டு ஆட்காட்டி விரல்களாலும் படபடவென்று தட்டினார். திரை வெள்ளையாகவே இருந்தது.

காலையிலிருந்து இதேதான் நடக்கிறது என்றாள் அவர் மனைவி சிக்னி. இணைகிறது, விளக்கு எரிகிறது, ஓர் எழுத்துகூட விழவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு ஊர்க் கூடத்தில் இறைச்சிக் குலுக்கல். குளிர்காலம் முழுக்க எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைக்கு அது ஒன்றுதான் வேலை. மேசை மேசையாக டிக்கெட் விற்பார்கள், சீட்டுப் போட்ட டிரம்மைச் சுற்றுவார்கள், எண் விழுந்தவர் மேடைக்குப் போய் பேகனோ சாசேஜோ பன்றித் தொடையோ ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வருவார். வரும் பணம் பனிச்சறுக்குக் கூடத்தின் கூரைக்கு. எண்ணைக் கூவும் வேலை வெகுகாலமாக வால்டி ஐனர்சனுடையது. போன செப்டம்பரில் வின்னிபெக் மருத்துவமனையில் அவர் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்று முதல் ஏர்னி டுப்னிக் கூவுகிறார்.

கூடத்தின் தலைவி மார்லீன் கண்டிப்பானவள். வால்டி லேப்டாப்பை வைத்துப் பேசட்டும், ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கலாம், சரிவந்தால் வேலை அவருடையது, இல்லாவிட்டால் ஏர்னிக்கே என்று குழுவில் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான்.

வால்டியின் குரல் எப்படிப்பட்டது என்று கேட்டால், ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டிக்கு அடியில் வலை விரிக்கிற ஆட்களைக் கேட்க வேண்டும். கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நின்று அவர் திட்டினால் கரையில் நாய் எழுந்து நிற்கும். பதினைந்து வயதில் அப்பாவோடு ஏரியில் இறங்கியவர், ஒரு குளிர்காலமும் விட்டதில்லை. குலுக்கல் வேலை அவருக்கு வந்ததே ஒருமுறை கூடத்தில் மைக் செத்துப்போனதால்தான். மைக் இல்லாமல் கூவினார், கடைசி மேசைவரை கேட்டது. மைக் சரியான பிறகும் ஜனங்கள் அவரை விடவில்லை. காரணம், எண்ணோடு நிறுத்தமாட்டார். தட்டு வாங்க வருகிறவர் மேடை ஏறி இறங்குவதற்குள் அவரைப்பற்றி ஒரு வரி சொல்லிவிடுவார். திட்டு வாங்குவதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை. நான் முதியோர் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பக்கத்து வீட்டுக்காரி. துளையைச் சுத்தம் செய்வது எப்படி என்று இருவருக்கும் கற்றுக்கொடுத்தேன். சிக்னி சீக்கிரம் கற்றுக்கொண்டாள். வால்டி கண்ணாடியைப் பார்க்க மறுத்தார். இரண்டு வாரம் பொறுத்தேன், பிறகு கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது செய்து முடித்திருந்தார். கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி அவருக்கு ஒத்துவரவில்லை. கதிர்வீச்சில் தோல் கட்டை மாதிரி இறுகிவிட்டது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் லேப்டாப்பில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள், தட்டினால் அது படிக்கும். கிறிஸ்துமஸுக்கு சிக்னி காப்பியை லேப்டாப்பின்மேல் கொட்டியதில் அதன் சொந்த விசைகள் செத்துப்போயின. மற்றதெல்லாம் பிழைத்தது. அதனால்தான் இந்த ஒயர் இல்லாத கீபோர்டு. மேடையில் டிரம் பக்கத்தில் நின்றபடியே தட்டலாம், லேப்டாப் ஒலிபெருக்கியோடு ஓரமாகக் கிடக்கும். நல்ல ஏற்பாடு. தட்டினால் எழுத்து விழ வேண்டும், அவ்வளவுதான்.

புது கீபோர்டு வாங்க ஒரு மணி நேரம் ஓட்டிப் போக வேண்டும். வெளியே காற்று பனியைக் கிளப்பியதால் நெடுஞ்சாலையை மூடியிருந்தார்கள். மவுஸ் வேலை செய்தது. திரையில் வரும் எழுத்துகளை மவுஸால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார் வால்டி. ஒரு வாக்கியம் முடிவதற்குள் நான் ஒரு கோப்பை காப்பி குடித்து முடித்தேன்.

நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். எனக்கு உள்ளுக்குள் பரபரப்பாக இருந்தது, மறைப்பானேன். ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு கேஸ் கையில் கிடைக்கவில்லை.

முதலில் கீபோர்டை அணைத்துப் போட்டோம். பிறகு லேப்டாப்பை. பிறகு இரண்டுக்கும் இருந்த இணைப்பையே அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தோம். ஒவ்வொரு முறையும் ‘இணைக்கப்பட்டது’ என்ற அந்த வார்த்தை வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது. வால்டி தன் சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து மார்க்கரால் எதையோ எழுதி என்னிடம் நீட்டினார். அவர் கையெழுத்து கோழி கிளறிய மண். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன்.

“என்ன எழுதியிருக்காரு?” என்று சிக்னியைக் கேட்டேன்.

“கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கும் புரியல.”

பலகையைப் பிடுங்கித் துடைத்துவிட்டார்.

நோயாளி மயங்கிக் கிடந்தால் முதலில் எந்த உறுப்பு உயிரோடு இருக்கிறது என்று பார்ப்போம். சிக்னியின் போனை வாங்கினேன். லேப்டாப்பில் புளூடூத்தை அணைத்துவிட்டு, கீபோர்டை அந்தப் போனோடு இணைத்தேன். வால்டியைத் தட்டச் சொன்னேன். அவர் விரல்கள் ஓடின. போன் திரையில் வரி வரியாக எழுத்து கொட்டியது. மூன்று பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தோம். ஏர்னியின் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தார், இங்கே சொல்ல முடியாது.

“கீபோர்டு நல்லாத்தான் இருக்கு” என்றேன். “கோளாறு லேப்டாப்புக்குள்ள.”

வால்டி மேசையைத் தட்டினார். இதுவரை எங்கே நோய் என்றே தெரியாமல் இருந்தோம். இப்போது பாதி வீட்டைத் தாழிட்டாயிற்று. மீதிப் பாதிக்குள்தான் திருடன் இருக்கிறான்.

அப்போதுதான் கதவைத் தட்டாமல் ஏர்னி உள்ளே வந்தார். பூட்ஸிலிருந்த பனியைச் சிக்னியின் மிதியடியில் உதிர்த்தார். டிரம்மை எடுத்துக்கொண்டு போக வந்ததாகச் சொன்னார். அது குளிர்காலம் முழுக்க வால்டி வீட்டு நடையில்தான் இருக்கும். ஏர்னி மேடைக்கென்று சட்டைக் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி போ டை கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் வால்டியின் காது சிவந்தது.

“கேள்விப்பட்டேன்” என்றார் ஏர்னி. “மெஷின் மக்கர் பண்ணுதாமே. கவலைப்படாதே வால்டி. நான் இருக்கேன்ல, தொண்டையெல்லாம் தயாரா வச்சிருக்கேன்.”

“தொண்டையைப் பத்தி இந்த வீட்ல பேசாதே ஏர்னி” என்றாள் சிக்னி.

“நான் தப்பா சொல்லலம்மா. சும்மா சொன்னேன். நாலரை மணிக்கு மார்லீன்கிட்ட சொல்லியாகணும், யாரு மேடையில நிக்கிறதுன்னு. அவ்வளவுதான்.”

மணி மூன்றரை தாண்டியிருந்தது. ஏர்னி டிரம்மை எடுத்துக்கொண்டு போகவுமில்லை. காப்பி ஊற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர் அவர்.

எனக்கு அவரைத் துரத்த நேரமில்லை. புது நோயாளி வந்தால் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தது?

நேற்று மாலை என்றாள் சிக்னி. நேற்று மாலை வரைக்கும் அருமையாக வேலை செய்தது. பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றாள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லுகிற குடும்பத்தில்தான் பாட்டி மாடிப்படியில் விழுந்திருப்பாள். எழுந்ததிலிருந்து படுத்ததுவரை சொல்லச் சொன்னேன்.

வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். நேற்று இருவரும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். வால்டி சும்மா தட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. நடையிலிருந்த பெரிய ஃப்ரீசரைத் திறந்து, உறைந்த இறைச்சிப் பொட்டலங்களை எல்லாம் கொண்டுவந்து இந்தச் சாப்பாட்டு மேசையில் பரிசுத் தட்டுகளாக அடுக்கியிருக்கிறார். சிக்னி டிரம்மைச் சுற்ற, அவர் எண்ணைத் தட்ட, அவளே ஜெயித்தவளாக எழுந்து வந்து பொட்டலத்தை எடுத்துப்போய், மறுபடி கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

“கீபோர்டு எங்க இருந்துச்சு?”

“மேசை மேலதான். இறைச்சிக்கு நடுவுல.”

“இறைச்சிக்குக் கீழயா?”

சிக்னி யோசித்தாள். பன்றித் தொடை ஒன்று, பாறை மாதிரி உறைந்தது, கீபோர்டின் வலது பக்க மூலையில் சாய்ந்து கிடந்ததாம். அப்போது நடையில் ஃப்ரீசர் கத்தியதாம். மூடி சரியாக மூடாவிட்டால் அது பீப் என்று கத்தும். வால்டி ஓடிப்போய்ப் பார்த்தால் மூடி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

“அப்ப கத்தினது ஃப்ரீசர் இல்ல” என்றேன்.

ஏர்னிகூடக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“லேப்டாப்ல ஏதாவது வந்துச்சா சிக்னி? திரையில?”

“ஒரு சின்னக் கட்டம் வந்துச்சு. இவரு நடையில இருந்தாரு. ஆமாவா இல்லையான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனேன்.”

“எதுக்கு ஆமான்னு படிச்சுப் பார்த்தியா?”

“கேட்டா ஆமான்னு சொல்லணும்னு அந்தப் பேச்சுப் பயிற்சிப் பொண்ணுதான் சொல்லிக் கொடுத்துச்சு.”

வால்டி இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் கறுத்தது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, மறுபடி லேப்டாப்போடு இணைத்தார். ‘இணைக்கப்பட்டது.’ பெருவிரலை ஒரு விசையின்மேல் வைத்து, மீனின் தலையை அமுக்குவதுபோல் அமுக்கி அப்படியே வைத்திருந்தார். கோபத்தில் அமுக்கியதுதான், சோதனைக்கு இல்லை.

திரையில் ‘ஜே’ என்ற எழுத்து ஒன்று வந்தது.

நான் அவர் தோளைப் பிடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு ஜே. அதன் பின்னால் வரிசையாக ஜேக்கள் நடந்து வந்தன.

“விடு” என்றேன். “இப்ப லேசா தட்டு.”

தட்டினார். எதுவும் இல்லை.

“இப்ப அமுக்கிப் பிடி.”

பிடித்தார். எழுத்து விழுந்தது.

வேலை பார்த்த காலத்தில் நான் கவனித்துக்கொண்ட ஆல்ஃபி ஞாபகம் வந்தது. பள்ளி பஸ் ஓட்டியவர், கடைசிக் காலத்தில் கை நடுக்க நோய். ஒரு விசையைத் தொடப் போனால் பக்கத்து நான்கையும் சேர்த்துத் தட்டிவிடுவார். அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு வசதியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். லேசாகப் பட்ட விசையை அது கண்டுகொள்ளாது. அமுக்கிப் பிடித்தால்தான் எழுத்து. வலது பக்க ஷிஃப்ட் விசையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்தாலே பீப் என்று ஒலித்து அந்த வசதி வேண்டுமா என்று கேட்கும். ஆல்ஃபி தூங்கிப்போய்க் கை அதன்மேல் விழுந்து, அது கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

“வலது மூலையில என்ன விசை இருக்கு வால்டி?”

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். சிக்னியைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. கழுத்துத் துளையிலிருந்து புஸ்புஸ்ஸென்று காற்று வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“பன்னித் தொடை” என்றாள் சிக்னி. “பன்னித் தொடை போய் உக்காந்து அமுக்கியிருக்கு. நான் ஆமான்னு சொல்லியிருக்கேன்.”

மவுஸை நான் வாங்கிக்கொண்டேன். கை கொஞ்சம் அவசரப்பட்டது. அமைப்புகளுக்குள் போய், உடல் வசதிக்கான பகுதியைத் தேடி, கீபோர்டு என்ற இடத்துக்கு வந்தேன். அந்த வசதி ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன். கீழ்நோக்கி இறங்கும் ஒலி ஒன்று கேட்டது.

வால்டி தட்டினார். எழுத்துகள் விரலுக்கு முன்னே ஓடின. கடைசி விசையைத் தட்டியதும் செயலி பேசியது. அதன் குரல் வங்கி மேலாளருடையது போல இருக்கும், எந்தக் கெட்ட வார்த்தையையும் மரியாதையாகச் சொல்லும்.

“ஏர்னி. அந்த டையை யாருப்பா கட்டிவிட்டா, குதிரை லாயத்துலயா?”

சிக்னி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஏர்னி எழுந்து கோட்டை மாட்டினார். கதவருகே நின்று, நாலரை மணிக்கு மார்லீனிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு பக்கத்தைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்.

கூடத்தில் அன்று உட்கார இடமில்லை. செய்தி ஊருக்குள் எப்படிப் போனதோ, பனியைப் பொருட்படுத்தாமல் வந்திருந்தார்கள். வால்டி டிரம் பக்கத்தில் நின்றார், கழுத்தில் நீலத் துணி, முன்னால் ஓர் உயரமான மேசையில் கீபோர்டு. ஏர்னி டிரம்மைச் சுற்றினார், வேறு யாருக்கும் அதைச் சுற்றத் தெரியாது என்று அவருக்கு நம்பிக்கை. மார்லீன் டிக்கெட்டை எடுத்து வால்டியிடம் கொடுத்தாள். அவர் எண்ணைத் தட்டினார்.

“நானூற்று எண்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு” என்றது லேப்டாப்.

ஒருவரும் எழவில்லை. எல்லோரும் கையிலிருந்த டிக்கெட்டையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வீட்டு ஒத்திகையில் சின்னச் சின்ன எண்களைத்தான் தட்டியிருக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், வால்டி, எங்களுக்குக் கணக்கு வராதுப்பா என்று கத்தினார். மார்லீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

வால்டி அசையவில்லை. குனிந்து தட்டினார். இரண்டே விரல், எனவே நேரம் பிடித்தது. கூடம் காத்திருந்தது. ஏர்னி கூவும்போது இதே ஜனங்கள் பாதிப்பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது காப்பிக் கோப்பையின் சத்தம்கூட இல்லை.

“மன்னிக்கணும்” என்றது லேப்டாப். “அது ஏரியில இருக்கிற மீன் கணக்கு. டிக்கெட் நம்பர் இதோ. நாலு. எட்டு. ரெண்டு. மூணு. ஒண்ணு. ஏழு.”

இடைவெளி விட்டுத் தட்டியிருந்தார். கூடம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஹார்டுவேர் கடை லாயிட் தன் டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பேகன் தட்டை அவர் தூக்கியபோது வால்டி மறுபடி குனிந்துவிட்டார். லாயிட் நின்றார். ஓடிவிட்டிருக்கலாம், ஆனாலும் நின்றார், தனக்கு என்ன வரப்போகிறது என்று கேட்காமல் போக முடியவில்லை.

“லாயிட். டாக்டர் உன்னை பேகன் தொடக்கூடாதுன்னாரு. தூக்கிட்டுப் போ. வாசல்ல உன் பொண்டாட்டி வாங்கிக்குவா.”

அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. பின்னால் நின்ற ஒருவன், நடுவில் நீளமான மௌனத்தில், கரண்ட் போச்சா வால்டி என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தயாராகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேட்டவனே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். பதில் வந்தது: “இல்ல. உன் முகத்தைப் பாத்ததும் சொல்ல வந்தது மறந்துடுச்சு.”

எல்லாத் தட்டும் போய்ச் சேர்ந்தபோது மார்லீன் மேடைக்கு வந்தாள். அவள் புகழ்கிற ஆள் இல்லை.

“அடுத்த வெள்ளி, அஞ்சு மணி” என்றாள். “லேட்டா வராதே.”

ஏர்னி கையைத் துடைத்துக்கொண்டே தன் நிலைமை என்ன என்று கேட்டார். வால்டி தட்டினார். ஒலிபெருக்கி அணைந்திருந்ததால் லேப்டாப்பின் சின்னக் குரல் மேடையில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்டது.

“நீ சுத்து. என் தோள்பட்டை போயி ரொம்ப நாளாச்சு. மார்லீன்கிட்ட மட்டும் சொல்லாதே.”

மார்லீன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கேட்காத மாதிரி நாற்காலிகளை மடக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, நான் இன்னும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை, போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் மட்டும். வைத்துவிடப் போனேன்.

“வெர்னா” என்றார் வங்கி மேலாளர். “காத்து நின்னுடுச்சு. வலை தூக்கப் போறேன். குளிருதுன்னு சிக்னி வரமாட்டேங்கிறா. பனி வண்டில பின்னால இடம் இருக்கு.”

செப்டம்பருக்குப் பிறகு வால்டி யாருக்கும் போன் செய்ததில்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: கழுத்துக்கு மேல் துணி, அதற்கு மேல் கம்பளி மூடி, இரண்டும் போட்டாயிற்றா, கழுத்துத் துளையில் தண்ணீர் புகும்படி பனித் துவாரத்துப் பக்கம் குனியமாட்டேன் என்று சத்தியமா.

தட்டுகிற சத்தம் நீளமாகக் கேட்டது.

“போட்டாச்சு தாயே. குனியற வேலையெல்லாம் உனக்குத்தான்.”

பூட்ஸை மாட்டிக்கொண்டு போனேன். கம்பளி மூடியை அவர் சரியாகக் கட்டவில்லை. பிரித்து மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டு, வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மதியத்துக்குள் இரண்டு வலை தூக்கினோம்.